வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியவில்லை என்ற புகார்: ரூட்டர், ஃபயர்வால் பழுது பார்க்க முழுமையான வழிகாட்டி

இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் உதவி மேசையில் புதிதாக உட்காருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். "நெட் நன்றாக வருகிறது. ஆனால் வெளியூரிலிருந்து கடைக் கேமராவைப் பார்க்க முடியவில்லை" என்ற அழைப்புதான் அவர்களை அதிகம் அலைக்கழிக்கிறது. வேகம் குறைவு, சிவப்பு விளக்கு எரிகிறது என்ற புகார்களை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். இதை மட்டும் ஆறு மாதமானாலும் தட்டுத் தடுமாறித்தான் செய்கிறார்கள்.

காரணம் ஒன்றுதான். புகார் வந்தவுடன் ரூட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு சேவையின் வாசல் எண்ணுக்கு, வருவதை உள்ளே உள்ள கருவிக்கு அனுப்பும் விதி) பக்கத்தைத் திறந்து எதையாவது மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். வெளியே இருக்கும் போனிலிருந்து கிளம்பும் பாக்கெட் (தரவுத் துண்டு) இணையத்தைக் கடந்து, நம் நெட்வொர்க்கைக் கடந்து, வாடிக்கையாளரின் ரூட்டருக்கு வந்து, அதன் ஃபயர்வாலை (தடுப்பு விதிகளை) தாண்டி, கருவியை அடைந்து, பதிலோடு திரும்ப வேண்டும். இந்தப் பாதையில் எந்த இடத்தில் அது நிற்கிறது என்று தெரியும்வரை ஓர் அமைப்பைக்கூடத் தொடாதீர்கள். கீழே உள்ள வரிசை அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்கானது. வரிசையை மாற்றினால் நேரம் வீணாகும்.

1. முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

எந்தக் கருவி, எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள், முன்பு எப்போதாவது வேலை செய்ததா, கடைசியாக என்ன மாறியது. இந்த நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். "ஒன்றுமே மாறவில்லை" என்பார்கள். மின்வெட்டு வந்ததா, ரூட்டரை மாற்றினார்களா, திட்டத்தை மாற்றினார்களா என்று தனித்தனியாகக் கேட்டால் ஏதாவது ஒன்றுக்கு "ஆமாம்" வரும்.

ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்காமல்தான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள்: கேமராவை ஆப்பில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சேர்த்தீர்களா, அல்லது ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் அடித்துச் சேர்த்தீர்களா?

கியூஆர் என்றால் அந்த டிவிஆர் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) தயாரிப்பாளரின் சர்வரோடு தானே வெளியே போய்ப் பேசுகிறது. உள்ளே வரும் வழி எதையும் திறக்க வேண்டியதில்லை. அது வேலை செய்யவில்லை என்றால் டிவிஆரின் கேட்வே (வெளியே போக வழியாக இருக்கும் ரூட்டரின் முகவரி), டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் சேவை), தேதி ஆகிய மூன்றையும் பாருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்து, மின்வெட்டுக்குப் பிறகு தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும் டிவிஆர்களைப் பார்த்திருக்கிறேன். சில மாடல்களில் அது ஒன்றே சர்வர் இணைப்பை முறிக்கப் போதும். இப்படிப்பட்ட புகாருக்குப் போர்ட் ஃபார்வர்டிங் செய்வது தலைவலிக்குக் காலில் தைலம் தடவுவது போன்றது.

ஐபி முகவரி அடித்துச் சேர்த்தவர்களுக்குத்தான் மீதி வழிகாட்டி முழுவதும்.

2. தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாடிக்கையாளரின் பிபிபிஓஇ (ரூட்டர் நம் நெட்வொர்க்கில் உள்நுழையும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் (ஒரே கம்பியில் ஓடும் போக்குவரத்தைப் பிரிக்கும் எண்). ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல். இப்போதைய அமைப்புகளின் நகல் கோப்பு. அந்த இடத்தில் கணினி முன்னால் உட்கார ஓர் ஆள். நம் பக்கம், அலுவலக வைஃபையில் இணையாத ஒரு மொபைல் போன்.

நகல் கோப்பை ஏன் முதலிலேயே எடுக்கச் சொல்கிறேன் என்றால், குழப்பம் முற்றியதும் யாராவது ஒருவர் "ரீசெட் செய்து பார்க்கலாமே" என்பார். ஊசியால் பின்பக்க ஓட்டையை அழுத்திப் பிடித்தால் பெட்டி பிறந்த கோலத்துக்குத் திரும்பும். பிபிபிஓஇ விவரமும் விலான் எண்ணும் அதோடு போய்விடும். கேமரா தெரியாத வாடிக்கையாளர் அதன் பிறகு இணையமே இல்லாத வாடிக்கையாளர் ஆகிவிடுவார். நேரில் ஆள் அனுப்புவதைத் தவிர வேறு வழியிருக்காது. அணைத்து இயக்குவது வேறு, ரீசெட் வேறு என்பதை வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் சொல்லும்போது இரண்டு முறை சொல்லுங்கள்.

3. உள்ளிருந்து தொடங்குங்கள்

கடையில் இருப்பவரை அங்குள்ள கணினியில் டிவிஆரின் உள் முகவரியை அடிக்கச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக 192.168.1.108. பக்கம் திறந்து, படமும் வர வேண்டும். உள்ளேயே திறக்காத கதவை வெளியிலிருந்து திறக்க முயல்வதில் பொருளில்லை.

பிங் (இருக்கிறாயா என்று கருவியைக் கேட்கும் சோதனை) செய்து பதில் வரவில்லை என்பதை வைத்து கருவி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல கருவிகள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. விண்டோஸ் கணினியும் பொது நெட்வொர்க் என்று குறித்துக்கொண்டால் பேசாமல் இருந்துவிடும். குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உள்ளே திறந்தது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கருவியின் கேட்வே. இதை ஒரு நிகழ்ச்சியோடு சொல்கிறேன்.

காங்கேயம் பக்கம் ஓர் எண்ணெய் ஆலை. கொப்பரை காயப் போடும் களத்தில் நான்கு கேமராக்கள். உரிமையாளர் வாரத்தில் பாதி நாள் ஈரோட்டில் இருப்பார். வானம் இருண்டால் களத்தில் தார்ப்பாய் போட்டார்களா இல்லையா என்று போனில் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. ஒரு நாள் படம் நின்றுவிட்டது. மேசையில் இருந்த மூன்று பேர் மாறி மாறி இரண்டு நாட்கள் முயன்றார்கள். போர்ட் ஃபார்வர்டிங் விதியை அழித்து எழுதினார்கள், போர்ட் எண்ணை மாற்றினார்கள், கடைசியில் டிஎம்இசட் போட்டு டிவிஆரை முழுவதுமாகத் திறந்தும் விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. "தம்பி, நேற்று மழையில் நனைந்தது பத்து மூட்டை. உங்களுக்கு அது புரிகிறதா?" என்று அவர் கேட்டபோதுதான் அழைப்பு என்னிடம் வந்தது.

உள்ளே திறக்கிறதா என்று கேட்டேன். திறந்தது. டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தைப் படித்துச் சொல்லச் சொன்னேன். முகவரி 192.168.1.108, கேட்வே 192.168.1.1. ரூட்டரின் முகவரியைக் கேட்டேன். 192.168.1.254. பத்து நாட்களுக்கு முன் இடி விழுந்து ரூட்டர் போய், நம் ஆட்கள் வேறு மாடல் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். புதிய பெட்டியின் முகவரி வேறு. டிவிஆரோ கையால் எழுதிக் கொடுத்த பழைய கேட்வேயை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

உள் நெட்வொர்க்கில் பேசக் கேட்வே தேவையில்லை, அதனால் ஆலையில் படம் தெரிந்தது. வெளியிலிருந்து வந்த பாக்கெட் விதிகளைத் தாண்டி டிவிஆரை ஒழுங்காக அடைந்தது. பதிலை எழுதி, இல்லாத வீட்டின் முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது டிவிஆர். கேட்வேயின் கடைசி எண்ணை மாற்றியதும் படம் வந்தது. டிஎம்இசட்டை மூட மறந்திருந்தார்கள் என்பது தனிக் கதை.

ரூட்டர் மாற்றிய எல்லா இடத்திலும் இதை முதலில் பாருங்கள். சப்நெட் மாஸ்க்கையும் (எந்த முகவரிகள் உள் நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று சொல்லும் எண்) சேர்த்துப் பாருங்கள்.

4. வாடிக்கையாளருக்கு உண்மையான பப்ளிக் ஐபி இருக்கிறதா

என் கணக்கில் இதுதான் மிக முக்கியமான படி. இதைச் செய்யாமல் ஐந்தாம் படிக்குப் போகக் கூடாது.

ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (வெளிப்பக்க) முகவரி என்று இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். அதே இணைப்பில் உள்ள கணினியிலிருந்து, நம் முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு வெளித்தளத்தைத் திறந்து அது காட்டுவதையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்று என்றால் பப்ளிக் ஐபி (இணையத்தில் எங்கிருந்தும் நேரடியாக அடையக்கூடிய முகவரி) இருக்கிறது. வேறு என்றால் நடுவில் இன்னொரு முகவரி மாற்றம் நடக்கிறது.

எங்கே நடக்கிறது என்பதை வான் முகவரியே சொல்லிவிடும்:

- 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், அது நம் நிறுவனத்திலேயே நடக்கும் சிஜிநாட். பல வாடிக்கையாளர்கள் ஒரே பப்ளிக் முகவரியைப் பகிர்கிறார்கள். இதற்காகவே 2012-இல் ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுப்பு இது.
- 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் வாடிக்கையாளரின் இடத்திலேயே இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. நாம் வைத்த ஓஎன்டி (ஃபைபர் இணைப்புப் பெட்டி) ஒன்று, கடையில் அவரே வாங்கி மாட்டியது ஒன்று.
- 10 அல்லது 172.16 முதல் 172.31 வரை என்றால் இரண்டில் எதுவும் இருக்கலாம். சில நிறுவனங்கள் சிஜிநாட்டுக்கும் 10-இல் தொடங்கும் முகவரிகளையே கொடுக்கின்றன.

இரண்டு ரூட்டர் இருக்கும் இடத்தில், ஓஎன்டியைப் பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் வெறுமனே கடத்தும் முறை) மாற்றி, பிபிபிஓஇ விவரத்தை உள்ளே உள்ள ரூட்டரில் போடுவதே சுத்தமான வழி. இரண்டிலும் விதி எழுதலாம்தான். ஆறு மாதம் கழித்து ஒன்றை யாராவது மாற்றும்போது இரண்டாவது இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (இணையத்துக்குள் தனிப்பாதை அமைக்கும்) மென்பொருள்களும் 100.64 தொகுப்பிலிருந்துதான் கணினிக்கு முகவரி தருகின்றன. வாடிக்கையாளர் கணினியில் 100 என்று தொடங்கும் முகவரியைப் படித்துச் சொன்னால், அது ரூட்டரின் வான் பக்கத்தில் இருக்கிறதா, கணினியின் விபிஎன்னில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு புதியவர் இதை வைத்துப் பப்ளிக் ஐபி இருந்தவரிடமே "உங்களுக்கு சிஜிநாட்" என்று சொல்லி, கூடுதல் கட்டணத் திட்டத்தை விற்கப் பார்த்தார்.

5. சிஜிநாட் என்றால் என்ன செய்வது

வாடிக்கையாளரின் ரூட்டரில் எந்த விதி எழுதினாலும் பயனில்லை. பாக்கெட் அதுவரை வரவே வராது. இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆசிய பசிபிக் பகுதிக்கு ஐபி முகவரி ஒதுக்கும் ஏப்னிக் அமைப்பின் ஐபிவி4 (192.168.1.108 போன்ற பழைய வகை முகவரி) கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் தனி ஐபிவி4 முகவரி கொடுப்பது பெரும்பாலான நிறுவனங்களுக்கு இயலாது. "எதிர் நிறுவனம் தருகிறார்களே" என்பார்கள். அவர்களும் பணம் வாங்கிக்கொண்டுதான் தருகிறார்கள்.

மூன்று வழிகள் உண்டு. நம்மிடமே ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி முகவரி) வாங்கிக்கொள்வது. வெளியே போய் இணையும் விபிஎன்னை உள்ளே ஒரு கணினியிலோ ரூட்டரிலோ அமைப்பது. அல்லது ஐபிவி6 (முகவரிப் பஞ்சமில்லாத புதிய வகை) வழியாக வருவது. கேமரா மட்டும்தான் தேவை என்றால் தயாரிப்பாளரின் கியூஆர் வழியே போதும். பணம் செலவழிக்கச் சொல்லாதீர்கள்.

முன்பு வேலை செய்தது, திடீரென நின்றது என்பவருக்கு, அவர் பயனர் பெயர் எந்த முகவரித் தொகுப்பில் இருக்கிறது என்று நம் ரேடியஸ் (உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர்) பதிவில் பாருங்கள். திட்டம் மாற்றியபோது பப்ளிக் தொகுப்பிலிருந்து சிஜிநாட் தொகுப்புக்கு நாமே நகர்த்தியிருப்போம். வாடிக்கையாளரைக் குறுக்கு விசாரணை செய்யும் முன் நம் வீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

6. போர்ட் ஃபார்வர்டிங் விதி

இப்போதுதான் இந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

முதலில் கருவியின் முகவரி மாறாமல் இருக்க ரூட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் சேவை) பக்கத்தில் அதை ஒதுக்கி வையுங்கள். ஒதுக்காவிட்டால் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு 108 என்ற எண் யாருடைய போனுக்காவது போயிருக்கும். விதி அந்தப் போனைத் தேடிக்கொண்டிருக்கும்.

பிறகு விதியில் ஐந்து இடங்களைச் சரிபாருங்கள்: எந்த வான் இணைப்பு, வெளிப் போர்ட், உள் முகவரி, உள் போர்ட், டிசிபியா யுடிபியா (பாக்கெட் அனுப்பும் இரு முறைகள்). வான் இணைப்பைப் பலர் பார்ப்பதே இல்லை. நம் ஓஎன்டிகளில் இணையத்துக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று என்று மூன்று வான் இணைப்புகள் இருக்கலாம். விதி தவறானதோடு கட்டப்பட்டிருந்தால் பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். எதுவும் நடக்காது.

உள்நுழையும் பக்கம் வருகிறது, கடவுச்சொல்லும் ஏற்கிறது, படம் மட்டும் கறுப்பு என்றால் இன்னொரு போர்ட் திறக்கப்படவில்லை. இணையப் பக்கம் 80-இல் இருக்கும். படம் வேறு போர்ட்டில் ஓடும். ஹைக்விஷன் கருவிகளில் இயல்பாக 8000, தாஹுவாவில் 37777, ஆர்டிஎஸ்பி (நேரலைப் படம் அனுப்பும் முறை) என்றால் 554.

வெளிப் போர்ட்டாக 80-ஐயோ 443-ஐயோ வைத்தால் ரூட்டரின் சொந்த நிர்வாகப் பக்கத்தோடு மோதக்கூடும். கேமராவுக்குப் பதில் ரூட்டரின் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்தால் இதுதான் காரணம். வெளிப் போர்ட்டை மாற்றிவிடுங்கள்.

7. ஃபயர்வால்: எந்தச் சங்கிலி, எந்த வரிசை

வீட்டு ஓஎன்டிகளில் விதி எழுதியதும் அதற்கான வழி தானாகத் திறந்துவிடும். பாதுகாப்பு நிலை "உயர்" என்று இருந்தால் மட்டும் "நடுத்தரம்" ஆக்கிப் பாருங்கள்.

மைக்ரோடிக் போன்ற ரூட்டர்களில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். அதில் இன்புட் சங்கிலி (சங்கிலி என்பது ஃபயர்வால் விதிகளின் வரிசை) ரூட்டருக்கே வரும் பாக்கெட்டைப் பார்க்கிறது. ஃபார்வர்ட் சங்கிலி ரூட்டரைக் கடந்து உள்ளே போகும் பாக்கெட்டைப் பார்க்கிறது. கேமராவுக்குப் போகும் பாக்கெட் கடந்து போவது. அதற்கான அனுமதியை இன்புட்டில் எழுதினால் அது சும்மா இருக்கும்.

அடுத்த தவறு இதைவிட நுட்பமானது. முகவரி மாற்றம் ஃபயர்வால் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வெளியில் 9000 என்று வந்த பாக்கெட், ஃபார்வர்ட் சங்கிலிக்கு வரும்போது 192.168.1.108, போர்ட் 8000 என்று மாறியிருக்கும். ஆகவே அங்கே எழுதும் அனுமதியில் உள் முகவரியும் உள் போர்ட்டும்தான் இருக்க வேண்டும். பப்ளிக் முகவரியை எழுதிவிட்டு மணிக்கணக்கில் முழித்தவர்கள் பலர். நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும் என்பதையும் மறக்காதீர்கள். "அனைத்தையும் தடு" என்ற வரிக்குக் கீழே எழுதிய அனுமதி, கடை மூடிய பிறகு வந்த வாடிக்கையாளர் போலத்தான்.

கருவியின் சொந்த ஃபயர்வால் இன்னொன்று. ரூட்டர் மாற்றிய பிறகு விண்டோஸ் கணினி அதைப் புதிய நெட்வொர்க்காகக் கருதி, பொது என்ற வகையில் போட்டுவிடுவது உண்டு. முன்பு அனுமதித்திருந்த நிரல்கள் அப்போது அடைபடும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப்பை (தொலைவிலிருந்து கணினியை இயக்குவதை) ஏற்கும் வசதியே கிடையாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு எந்த ரூட்டரும் பொறுப்பாகாது.

8. வெளியிலிருந்து சோதித்து, பதிலைப் படியுங்கள்

வாடிக்கையாளர் தன் வைஃபையில் இருந்துகொண்டே பப்ளிக் முகவரியை அடித்துவிட்டு "வரவில்லை" என்பார். பல ரூட்டர்களால் உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரியைத் தொட்டு மீண்டும் உள்ளே வர முடியாது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்க்கச் சொல்லுங்கள். இதோடு முடிந்துபோகும் புகார்களும் உண்டு. அப்போது விட்ட பெருமூச்சை வாடிக்கையாளர் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வைத்து, அதாவது மாறும் முகவரியை ஒரு பெயரோடு இணைக்கும் டிடிஎன்எஸ் மூலம் வருபவர் என்றால், அந்தப் பெயர் இப்போது எந்த முகவரியைக் காட்டுகிறது என்று பாருங்கள். நான்காம் படியில் எழுதிய முகவரியோடு பொருந்தவில்லை என்றால் பழுது அங்கேதான்.

இப்போது டிசிபி சோதனையின் பதிலைக் கவனியுங்கள். "மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால் நல்ல செய்தி. பாக்கெட் யாரையோ அடைந்திருக்கிறது, அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. போர்ட் எண் தவறாக இருக்கும், அல்லது கருவியில் அந்தச் சேவை நின்றிருக்கும். ஏதாவது ஒரு ஃபயர்வாலே இப்படி மறுத்திருக்கவும் கூடும். பல நொடிகள் காத்திருந்து "நேரம் கடந்தது" என்று வந்தால், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது பதில் திரும்பும் வழி இல்லை. கொப்பரைக் களத்து டிவிஆர் இரண்டாவது வகை.

யுடிபி போர்ட்டுகளை இப்படிச் சோதிக்க முடியாது. வயர்கார்டு விபிஎன் 51820 போர்ட்டில் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். சாவி தெரியாதவர்களுக்கு அது பதிலே சொல்லாது. போர்ட் சோதிக்கும் தளம் "மூடியிருக்கிறது" என்று காட்டும். அதை நம்பிப் பழுது பார்க்கப் போகாதீர்கள்.

மைக்ரோடிக்கில் விதியின் அருகே ஓடும் எண்ணிக்கையைப் பாருங்கள். வெளியிலிருந்து ஒருமுறை முயலும்போது அது ஒன்று கூடினால் பாக்கெட் வந்துவிட்டது, இனி உள்ளே தேடலாம். அசையவே இல்லை என்றால் ரூட்டருக்கு வெளியே தேட வேண்டும். எண்ணிக்கை காட்டாத பெட்டி என்றால், டிவிஆரின் கேபிளைக் கழற்றி அதே முகவரியில் ஒரு மடிக்கணினியை வைத்து, அதே போர்ட்டில் ஒரு சிறு வலைச் சேவையை ஓடவிடுங்கள். மடிக்கணினி தெரிந்தால் ரூட்டரும் நாமும் குற்றமற்றவர்கள்.

9. நம் பக்கம்

445, 135 முதல் 139 வரையிலான போர்ட்டுகளையும், வெளியே போகும் 25-ஐயும் நிறுவனங்கள் பாதுகாப்புக்காக அடைத்து வைப்பது வழக்கம். நம் தடுப்புப் பட்டியலை நெட்வொர்க் பிரிவிடம் கேட்டு மேசையில் ஒட்டி வையுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் போர்ட் அதில் இருந்தால் வேறு எண்ணை வைக்கச் சொல்வதே சுலபம்.

இரண்டு நிறுவன இணைப்புகளை ஒரே ரூட்டரில் வைத்திருக்கும் கடைகளில் வேறொரு சிக்கல். கேள்வி நம் வழியாக உள்ளே வருகிறது, பதில் மற்ற நிறுவனத்தின் வழியாக வெளியே போகிறது. கேட்ட போன் அந்தப் பதிலை அடையாளம் தெரியாமல் ஒதுக்கிவிடும். சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்ற புகாருக்கு முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும். வந்த வழியே பதில் போகும்படி ரூட்டரில் குறியிட்டு அனுப்ப வேண்டும்.

சிறிய பக்கங்கள் திறந்து, பெரியவை பாதியில் உறைந்தால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பாருங்கள். பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500-க்குப் பதில் 1492-தான் கிடைக்கும். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற தேர்வோடு 1464 பைட் பிங் போய், 1465 போகவில்லை என்றால் அளவு சரி (தலைப்புகளின் 28 பைட்டைச் சேர்த்தால் 1492).

10. ஐபிவி6 வழியாக வருபவர்கள்

இங்கே முகவரி மாற்றம் இல்லை, போர்ட் ஃபார்வர்டிங்கும் இல்லை. ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் உள்ளே வருவதை இயல்பாகத் தடுத்திருக்கும். அந்தக் கருவியின் முகவரிக்கும் போர்ட்டுக்கும் மட்டும் அனுமதி எழுத வேண்டும். ஃபயர்வாலையே அணைத்துவிட்டுப் போவது வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் தெருவில் நிறுத்துவதற்குச் சமம். ஐசிஎம்பிவி6 (ஐபிவி6-இன் தகவல், பிழைச் செய்திகள்) முழுவதையும் தடுக்காதீர்கள், பாக்கெட் அளவைச் சொல்லும் செய்தி அதில்தான் வருகிறது.

கணினிக்குப் பல ஐபிவி6 முகவரிகள் இருக்கும். தற்காலிகம் என்று குறித்திருப்பதை எடுக்காதீர்கள், மாறிவிடும். வெளியே இருப்பவரின் இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். பல அலுவலக நெட்வொர்க்குகளில் இருக்காது.

11. நாமே ரூட்டருக்குள் நுழைய முடியாதபோது

சில நேரம் புகார் நம்முடையதாக இருக்கும். அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளரின் பெட்டி திறக்காது. ரூட்டர், நிர்வாகத்துக்குக் குறிப்பிட்ட சில முகவரிகளை மட்டும் அனுமதித்திருக்கும். நம் அலுவலகத்தின் முகவரி மாறியிருந்தால் கதவு நமக்கே மூடியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். வாடிக்கையாளர் டிஎம்இசட் போட்டிருந்தால், சில மாடல்களில் நம் நிர்வாகப் போர்ட்டுக்கு வருவதும் அந்தக் கருவிக்கே போய்விடும்.

தொலைவிலிருந்து ஃபயர்வாலை மாற்றும்போது நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டாதீர்கள். மைக்ரோடிக்கில் சேஃப் மோடைப் போட்டுவிட்டு மாற்றுங்கள், இணைப்பு அறுந்தால் மாற்றங்கள் தானே திரும்பிவிடும். சிஸ்கோ ரூட்டர்களில் பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் ஆகும்படி முன்கூட்டியே கட்டளை கொடுத்துவிட்டு, சேமிக்காமல் மாற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்து பிறகு சேமிக்கலாம். மின்சாரம் இல்லாத கிராமத்துக்கு இரவு எட்டு மணிக்கு பைக்கில் போய்வந்த பிறகுதான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது.

12. திறந்தவற்றை மூடுவது

சோதனைக்காகத் திறந்த டிஎம்இசட், தளர்த்திய ஃபயர்வால் நிலை, அணைத்து வைத்த விண்டோஸ் ஃபயர்வால் ஆகியவற்றைத் தொலைபேசியை வைக்கும் முன்பே பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ரூட்டரின் நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து எல்லோருக்கும் திறந்திருந்தால் மூடுங்கள். டிவிஆரின் கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்ததாகவே இருந்தால், மாற்றும்வரை விதியை இயக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது இப்படி மாற்றாத கடவுச்சொற்களை வைத்துத்தான்.

ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்து தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். வெளிப் போர்ட்டை வேறு எண்ணாக மாற்றினாலும் தேடி வருபவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். விபிஎன் அமைத்து அதற்குள்ளே போகச் சொல்லுங்கள். அரைமணி நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

கடைசியாக, புகார்ப் பதிவில் "சரிசெய்யப்பட்டது" என்று ஒற்றைச் சொல் எழுதி மூடாதீர்கள். காங்கேயத்துப் பதிவில் நான் எழுதியது இது: "ரூட்டர் மாற்றிய பின் டிவிஆர் கேட்வே 1.1 ஆகவே இருந்தது, 1.254 ஆக மாற்றினேன். 8000 போர்ட் மட்டும் திறந்திருக்கிறது. டிஎம்இசட் மூடப்பட்டது. மொபைல் டேட்டாவில் சோதித்து, நான்கு கேமராவும் தெரிகிறது." அடுத்த இடி விழுந்து பெட்டி மாறும்போது, மேசையில் இருப்பவர் இதைப் படித்துவிட்டு நேராக டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்.